கராம்பு பக்டீரியாவை கொல்லும், சரி, ஆனா பல்லுல விழுந்த ஓட்டை?

போன மாசம் ஒரு நாள் இரவு ரெண்டு மணிக்கு என்ட வலப்பக்க கீழ்க் கொடுப்புப் பல்லு கொதிக்கத் தொடங்கிச்சு. பல்லுக்கொதி வந்த ஆக்களுக்கு தெரியும், காதுக்குள்ளயும் இடிக்கும், கண்ணுக்குப் பின்னாலயும் குத்தும், படுத்தா இன்னும் கூடும். பனடோல் கார்ட் காலி, வெள்ளவத்தைல அந்த நேரத்துக்கு எந்த பாமசிக்கு போறது எண்டும் தெரியேல்ல, நான் குசினி லைட்டை போட்டுட்டு கன்னத்தை பிடிச்சுக்கொண்டு நிக்க அம்மம்மா எழும்பி வந்து என்ன ஏது எண்டு கூட கேக்காம சரக்கு டின்னைத் திறந்து ரெண்டு கராம்பை என்ட கையில வச்சா. "கடிச்சு நொறுக்காத பிள்ளை, பல்லால மெல்லமா அமத்திக்கொண்டு இரு" எண்டு சொல்லிட்டு திரும்பப் போய் படுத்திட்டா. முதல்ல நாக்குல ஒரு காரம், பிறகு ஐஸ் வச்ச மாதிரி ஒரு குளிர், பத்து நிமிசத்தில அந்தப் பக்கமே மரத்துப் போச்சு.

அதோட விட்டிருக்கலாம். அடுத்த நாள் நான் கெட்டித்தனமா காலி வீதில ஒரு கடையில சின்னப் போத்தல் கராம்பு எண்ணெய் வாங்கி, ஒண்டும் கலக்காம பஞ்சில நல்லா தோய்ச்சு ஓட்டைக்குள்ள அடைஞ்சன். பின்னேரம் கண்ணாடில பார்த்தா பல்லுக்கு பக்கத்து முரசு வெள்ளை வெளேரெண்டு அவிஞ்சு, தொட்டா தோல் உரிஞ்சு வருது. ரெண்டு நாளைக்கு பாணும் சம்பலும் தொடக்கூட ஏலாம போச்சு. இதில வெக்கம் என்னெண்டா கம்பஸ்ல என்ட கடைசி வருச புரொஜெக்ட்டே இதுதான், மூலிகைச் சாறு பல்லுக் கிருமிய கொல்லுமா எண்டு பாக்கிறது. கொல்லும், நான் என்ட கண்ணால பார்த்தனான். அப்ப ஏன் என்ட பல்லுல ஓட்டை அப்பிடியே இருந்தது, அதைத்தான் இதில அடியில இருந்து சொல்லப் பாக்கிறன், சயன்ஸ் படிக்காத ஆக்களுக்கும் விளங்கிற மாதிரி.

முதல்ல சூத்தைப்பல்லு எண்டா என்ன. பூச்சி அரிச்சிட்டுது எண்டு சின்ன வயசில சொல்லுவினம், ஆனா பல்லுக்குள்ள ஒரு பூச்சியும் இல்ல. 1890 அளவில பெர்லின்ல வேலை செய்த மில்லர் எண்ட பல் வைத்தியர்தான் வாய்க்குள்ள இருக்கிற கிருமிகள் நாங்க திண்ட மாப்பொருளையும் சீனியையும் புளிக்க வச்சு அமிலம் ஆக்குது, அந்த அமிலம்தான் பல்லைக் கரைக்குது எண்டு காட்டினவர். பிறகு 1924 இல கிளார்க் எண்டவர் இங்கிலாந்தில சூத்தைப்பல்லுக்குள்ள இருந்து ஒரு கிருமிய பிரிச்செடுத்து அதுக்கு ஸ்ட்ரெப்டோகொக்கஸ் மியூட்டன்ஸ் எண்டு பேர் வச்சார். இனி இதை சுருக்கமா மியூட்டன்ஸ் எண்டே சொல்றன். வாய்க்குள்ள எழுநூறு வகை அளவில கிருமி இருக்கு, அதில எல்லாம் எதிரி இல்ல, ஆனா மியூட்டன்ஸ் ரெண்டு வேலையில கெட்டிக்காரன். சீனிய திண்டு லக்டிக் அமிலத்தை கொட்டும், அதை விட கெட்ட விசயம், நாங்க தேத்தண்ணிக்கு போடுற சாதாரண சீனில இருந்து பசை மாதிரி ஒண்டை தானே செய்து அந்தப் பசையால பல்லுல ஒட்டிக்கொள்ளும். காலமை எழும்பினவுடன நாக்கால பல்லைத் தடவினா ஒரு வழுவழுப்பு தெரியுமே, அந்தப் படையில கிருமியும் பசையும் எல்லாம் கலந்திருக்கு.

பல்லுட வெளி ஓடு, எனாமல், உடம்பிலயே கடினமான சாமான். ஆனா அமிலத்துக்கு தாங்காது. வாய்க்குள்ள பிஎச், அதாவது அமிலத்தை அளக்கிற எண் (குறையக் குறைய அமிலம் கூட), 5.5 க்கு கீழ போனா அதில இருக்கிற கல்சியமும் பொஸ்பேட்டும் கழண்டு போகத் தொடங்கும். ஒரு பிளேன்டீ சீனி போட்டுக் குடிச்சா சில நிமிசத்திலயே பிஎச் விழும், பிறகு எச்சில் வந்து அந்த அமிலத்தை கழுவி சமப்படுத்தி பழைய நிலைக்கு கொண்டு வர அரை மணித்தியாலம், சில ஆக்களுக்கு ஒரு மணித்தியாலம் போகும். எச்சில் கழண்ட கல்சியத்தை கொஞ்சம் திருப்பி ஒட்டியும் விடும், அது எங்களுக்கு சம்பளம் இல்லாம வேலை செய்யிற மேசன். பிரச்சினை எங்க எண்டா, எங்கட ஒபிஸ் வழிய பத்து மணிக்கு ஒரு தேத்தண்ணி, பதினொண்டரைக்கு ஒரு பிஸ்கட், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு டொபி, மூண்டு மணிக்கு திரும்ப தேத்தண்ணி, மேசன் ஒருக்காலும் வேலையை முடிக்கவே ஏலாது. அதால எவ்வளவு சீனி எண்டதை விட எத்தின தரம் எண்டதுதான் பல்லுக்கு பெரிய கணக்கு.

சரி இப்ப மூலிகைக்கு வருவம்.

மரம் செடிக்கு ஓடித் தப்ப காலும் இல்ல, எங்களை மாதிரி கிருமிய துரத்தி துரத்தி பிடிக்க வெள்ளை அணுவும் இல்ல. அதால பூஞ்சை, பக்டீரியா, புழு எல்லாத்துக்கும் எதிரா தன்ர உடம்புக்குள்ளயே கசப்பும் காரமும் துவர்ப்புமா மருந்து காய்ச்சி வச்சிருக்கும். வேப்பிலை கசக்கிறதும் கராம்பு காரமா இருக்கிறதும் கொய்யாக் குருத்து துவர்க்கிறதும் எங்கட வாய்க்காக இல்ல, அதுகளிட சொந்தப் பாதுகாப்பு. நாங்க அதை கடன் வாங்கி பாவிக்கிறம்.

சாறு எடுக்கிறது எண்டா அந்த மருந்தை மட்டும் இலையில இருந்து வெளியால இழுக்கிறது. நாங்க புரொஜெக்ட்டுக்கு சாமான் வாங்கினது புறக்கோட்டை கேபோஸ் லேன்ல, அந்தப் பக்கம் போனா மூக்கே வழி காட்டும், சாக்கு சாக்கா காய்ஞ்ச வேர், பட்டை, கடுக்காய், அதிமதுரம் எண்டு வச்சிருப்பினம். கொண்டு வந்து நிழல்ல காய விட்டு, அரைச்சு மாவாக்கி, ஒரு பங்கை தண்ணிலயும் ஒரு பங்கை எதனோல் எண்ட அல்கஹோல்லயும் ஊற விட்டு, வடிச்சு, அந்த திரவத்தை ஆவியாக்கிட்டா அடியில கறுப்பா பாணி மாதிரி மிஞ்சிற சாமான்தான் சாறு. தண்ணிலயும் எதனோல்லயும் ஏன் எண்டு கேட்டா, தண்ணில கரையிறது வேற எதனோல்ல கரையிறது வேற. மஞ்சள்ல இருக்கிற குர்குமின் தண்ணில கரையவே கரையாது எண்டு சொல்லலாம், அதால மஞ்சள் தண்ணில கொப்பளிக்கிறதும் மஞ்சளை எதனோல்ல ஊற வச்சு டெஸ்ட் பண்ணுறதும் ஒரே மருந்து இல்ல. "ஆய்வில நிரூபிச்சிட்டாங்கள்" எண்டு ஆரும் அனுப்பினா நான் முதல்ல பாக்கிறது இதைத்தான், எதில ஊற வச்சது எண்டு.

இனி அந்த டெஸ்ட். இதைக் கிட்ட நிண்டு பாத்தா மூலிகை விளம்பரத்தில பாதி உங்களுக்கு விளங்கிரும். உள்ளங்கை அளவு வட்டக் கண்ணாடித் தட்டு, அதில ஜெலி மாதிரி அகார், அதுக்கு மேல மியூட்டன்ஸை பஞ்சுக் குச்சியால ஒரு இடமும் விடாம பூசுறது. பிறகு ஜெலில சின்னச் சின்ன குழி குத்தி ஒண்டில கராம்புச் சாறு, ஒண்டில வேப்பம், ஒண்டில கொய்யா, ஒண்டில பல் வைத்தியர் வாய் கொப்பளிக்கத் தாற குளோர்ஹெக்சிடின், இன்னொண்டில சாறே இல்லாம, சாறைக் கரைக்கப் பாவிச்ச திரவம் மட்டும். கடைசியா சொன்னது முக்கியம், அது இல்லாட்டி கிருமி செத்தது கராம்பாலயா எதனோலாலயா எண்டு சொல்ல ஏலாது. மியூட்டன்ஸுக்கு காபனீரொட்சைட் கொஞ்சம் கூட இருந்தா சந்தோசம், எங்கட லாப்ல அதுக்கு மெசின் இல்ல, அதால பெரிய கண்ணாடி ஜாடிக்குள்ள தட்டுகளை அடுக்கி உள்ள ஒரு மெழுகுதிரிய கொளுத்தி மூடி விடுவம், திரி தானா அணையும், அப்பிடியே 37 பாகை சூட்டில வச்சிட்டு வீட்ட போறது.

அடுத்த நாள் தட்டை வெளிச்சத்துக்கு பிடிச்சா மூடுபனி மாதிரி கிருமி படர்ந்திருக்கும், கராம்புக் குழியை சுத்தி மட்டும் கண்ணாடி மாதிரி ஒரு தெளிஞ்ச வட்டம். அதைப் பார்த்த அண்டைக்கு எனக்கு வந்த சந்தோசம் சொல்லி முடியாது, அடிமட்டத்தை வச்சு மில்லிமீட்டர் கணக்கு எழுதேக்க கை நடுங்கினது இன்னும் ஞாபகம். வெறும் திரவம் ஊத்தின குழியை சுத்தி ஒண்டும் இல்ல, கிருமி குழிட விளிம்பு வரைக்கும் வந்து நிண்டது. அப்ப கொன்டது கராம்புதான்.

ஆனா இந்த வட்டத்தில ஒரு சூழ்ச்சி இருக்கு. சாறு ஜெலிக்குள்ள ஊறிப் பரவினாத்தான் வட்டம் பெருக்கும். எண்ணெய்த் தன்மையான மருந்து ஜெலில பரவாது, அதால உண்மையில பலமான சாறும் சின்ன வட்டம் காட்டும், பலமில்லாத ஆனா தண்ணியா ஓடக்கூடிய ஒண்டு பெரிய வட்டம் காட்டும். "எங்கட பற்பொடிக்கு 22 மில்லிமீட்டர், அவையிட பேஸ்ட்டுக்கு 15" எண்டு ஆரும் கதைச்சா அதில கனக்க அர்த்தம் இல்ல. அதால சாறை பாதி, கால், அரைக்கால் எண்டு ஐதாக்கிக்கொண்டே போய் எந்த அளவுக்கு கீழ கிருமி திரும்ப வளருது எண்டு பாக்கிற இன்னொரு டெஸ்ட்டும் செய்யோணும், நம்பக்கூடின கணக்கு அதுதான்.

இப்ப ஒவ்வொரு மூலிகையா கொஞ்சம் சொல்றன், எல்லாத்தையும் இல்ல. கராம்பு எண்ணெய்ல நூத்துக்கு 70 தொடங்கி 90 வரைக்கும் யூஜெனோல் எண்ட ஒரே சாமான்தான். அது கிருமிட வெளித்தோலை ஓட்டையாக்கி உள்ள இருக்கிறதை ஒழுக விடும், அதே யூஜெனோல் எங்கட நரம்பையும் மரக்கப் பண்ணும், அம்மம்மாட மருந்து பத்து நிமிசத்தில வேலை செய்தது அதாலதான். தோலை ஓட்டையாக்கிற சாமான் எங்கட முரசுத் தோலையும் விட்டு வைக்காது, போத்தலோட வச்சா என்ட கதிதான். முழுக் கராம்பில இருந்து கொஞ்சம் கொஞ்சமா வாறதும் போத்தல்ல இருந்து ஒரேயடியா வாறதும் ஒண்டில்ல. சின்னப் பிள்ளையளுக்கு பல்லு முளைக்கேக்க கராம்பு எண்ணெய் தடவுற பழக்கம் இருந்தா தயவு செய்து நிப்பாட்டுங்கோ, கொஞ்சமா விழுங்கினாலே குழந்தைக்கு அது நஞ்சு, வலிப்பும் ஈரல் பாதிப்பும் வரலாம்.

கறுவா எங்கட நாட்டுச் சாமான் எண்டதால ஒரு வரி கூட. கறுவாப் பட்டை எண்ணெய்ல இருக்கிறது சின்னமல்டிஹைட், கறுவா இலை எண்ணெய்ல கூடுதலா இருக்கிறது கராம்பில இருக்கிற அதே யூஜெனோல். ஒரே மரம், பட்டைக்கு ஒரு மருந்து இலைக்கு ஒரு மருந்து, அதால "கறுவா எண்ணெய்" எண்டு மட்டும் லேபிள்ல போட்டிருந்தா எனக்கு திருப்தி இல்ல. ரெண்டுமே மியூட்டன்ஸை அமத்தும், ரெண்டுமே கூடினா வாயை அவிக்கும்.

எனக்கு பிடிச்ச கதை தேயிலையும் கொய்யாவும். இதுகள் கிருமிய கொல்றதுல பெரிய சூரர் இல்ல, ஆனா வேற விதமா மோதும். தேயிலைல, அதுவும் கிரீன் டீல கூடுதலா, இருக்கிற கட்டெச்சின் எண்ட சாமான் மியூட்டன்ஸ் பசை செய்யப் பாவிக்கிற நொதியத்தைப் பிடிச்சு நிப்பாட்டும், கிருமி உயிரோட இருக்கும் ஆனா ஒட்ட ஏலாது. கொய்யா இலைல இருந்து பிரிச்செடுத்த குவாய்ஜாவெரின் எண்ட சாமானும் மியூட்டன்ஸ் ஒட்டுறதை குழப்புது எண்டு லாப்ல காட்டியிருக்கினம். பேய்க்கு கதவைப் பூட்டுற மாதிரி, அடிச்சு கலைக்கத் தேவையில்ல. தேயிலை மரம் மண்ணில இருந்து, பேஸ்ட்டில பல்லுக்காகப் போடுற புளோரைட்டையும் இழுத்து இலைல சேர்த்து வைக்கும், இவ்வளவு நல்லதையும் வச்சுக்கொண்டு நாங்க அதில மூண்டு கரண்டி சீனியக் கொட்டி கிருமிக்கு படையல் போடுறம், என்னத்தை சொல்ல.

வேம்பு பற்றி எல்லாரும் எழுதீட்டினம். "ஆலும் வேலும் பல்லுக்குறுதி" எண்டதை கன ஆக்கள் வேம்பு எண்டு நினைக்கினம், அது வேலமரம், ஆலையும் வேலையும் கடிச்சா வாய் இழுக்கிறது அதில இருக்கிற தனின் எண்ட துவர்ப்பால, தனின் புரதத்தில போய் ஒட்டி கிருமிட பிடிய தளர்த்தும். மருதானைப் பக்கம் பள்ளிவாசல் வாசல்ல விக்கிற மிஸ்வாக் குச்சியும் இந்தக் குடும்பக் கதைதான், அதில இருக்கிற ஒரு சாமான் கடுகுக் காரத்துக்கு சொந்தம், கிருமிக்கு ஆகாது. உலக சுகாதார நிறுவனமே 1980கள்ல, குச்சி பாவிக்கிற பழக்கம் உள்ள இடங்கள்ல அதைத் தொடரச் சொன்னது. ஆனா குச்சில பாதி வேலை மருந்து, மீதி வேலை அந்த நார், தேய்க்கிறதுதான் படையைக் கிளப்புது. அதிமதுரத்தில இருந்து எடுத்த ஒரு சாமானை வச்சு அமெரிக்காவில சீனி இல்லாத லொலிபொப்பே செய்து பார்த்திருக்கினம். உள்ளிய நசிச்சவுடன வாற அலிசின் பலமானது, ஆனா உள்ளிய வாய்க்குள்ள வச்சுக்கொண்டு 155 பஸ்ல ஏறுற தைரியம் எனக்கு இல்ல.

வெத்திலைய மட்டும் தனியா சொல்லோணும். வெத்திலைல உண்மையாவே கிருமி கொல்லுற சாமான் இருக்கு, அதைச் சாட்டா வச்சு "வெத்திலை போட்டா பல்லுக்கு நல்லம்" எண்டு சொல்ற ஆக்கள் இருக்கினம். ஆனா ஆரும் வெறும் வெத்திலைய சப்புறேல்ல, பாக்கும் சேர்த்துத்தான், பாக்கு புற்றுநோய் உண்டாக்கும் எண்டு சந்தேகமே இல்லாம உறுதிப்படுத்தின சாமான், புகையிலை சேராட்டியும். இலங்கைல ஆம்பிளையளுக்கு வாற புற்றுநோய்ல வாய்ப் புற்றுநோய் முன்னுக்கு நிக்குது. சூத்தைப்பல்லைப் புடுங்கலாம், இதை அப்பிடி ஏலாது.

இப்ப தொடக்கத்தில கேட்ட கேள்விக்கு. தட்டில தெளிஞ்ச வட்டம் காட்டின கராம்பு என்ட வாயில ஏன் தோத்தது? தட்டில கிருமி வெறும் மேலோட தனித்தனியா நிக்குது, சாறு 24 மணித்தியாலம் அதைத் தொட்டுக்கொண்டு இருக்கு. வாய்ல கிருமி தான் செய்த பசைக்குள்ள வீடு கட்டிக்கொண்டு மாடி மாடியா குடியிருக்கு, பசைக்குள்ள இருக்கிற கிருமிய கொல்ல நூறு மடங்கு, சிலவேளை ஆயிரம் மடங்கு கூட மருந்து வேணும். அதுக்கு மேல ஒரு நாளைக்கு அரை லீட்டர் தொடங்கி ஒண்டரை லீட்டர் வரைக்கும் எச்சில் ஊறி நாங்க வச்ச மருந்தை கழுவிக்கொண்டே இருக்கு. வெள்ளவத்தைக் கடற்கரைல நிண்டு கடலுக்க ஒரு போத்தல் டெட்டோலை ஊத்தின மாதிரித்தான். குளோர்ஹெக்சிடின் ஏன் வாய்ல நிக்குது எண்டா அது பல்லுலயும் முரசுலயும் ஒட்டிக்கொண்டு மணித்தியாலக் கணக்கா மெல்ல மெல்ல கழண்டு வரும், கனக்க மூலிகைச் சாறுக்கு அந்தக் குணம் இல்ல. (குளோர்ஹெக்சிடினையும் மாசக் கணக்கா பாவிக்காதேங்கோ, பல்லு மண்ணிறமாகும், நாக்குக்கு ருசியும் தெரியாது.)

அடுத்தது இன்னும் பெரிய விசயம். எல்லாக் கிருமியையும் கொன்றாலும் விழுந்த ஓட்டை விழுந்ததுதான். எனாமலை செய்த கலங்கள் பல்லு முளைச்சவுடனயே போய்ச் சேர்ந்திரும், வெட்டுக்காயம் மாதிரி அது திரும்ப வளராது. ஓட்டையாக முதல், வெள்ளைப் புள்ளியா இருக்கேக்க மட்டும்தான் திருப்பலாம், அதுக்கு கல்சியமும் பொஸ்பேட்டும் திரும்பப் போய் ஒட்டோணும். அந்த இடத்திலதான் புளோரைட் வருது, ஒட்டுறதை கெதியாக்கி, ஒட்டினதை முந்தினதை விட அமிலத்துக்கு தாங்கக்கூடியதா ஆக்குது. எனக்கு தெரிஞ்ச எந்த மூலிகைச் சாறும் இந்த வேலையில புளோரைட்டுட இடத்தைப் பிடிக்கேல்ல.

அதால மூலிகை பேஸ்ட் வாங்கிற ஆக்கள் பெட்டியைத் திருப்பி பின்பக்கத்தைப் பாருங்கோ. முன்னுக்கு கராம்புப் படமோ வேப்பிலைப் படமோ என்னவும் இருக்கட்டும், பின்னுக்கு புளோரைட் 1000 தொடங்கி 1500 பிபிஎம் வரைக்கும் போட்டிருந்தா அது நல்ல பேஸ்ட், மூலிகை மேலதிக லாபம். போடாட்டி அது வாசமும் கொஞ்சம் கிருமிநாசினியும் மட்டும்தான். "புளோரைட் நஞ்சு, அனுராதபுரப் பக்கம் பல்லு மஞ்சளாகுதே" எண்டு கேக்கிற ஆக்களுக்கு, அங்க கிணத்துத் தண்ணிலயே கூடுதலா இருக்கு, அதை வளர்ற வயசில வருசக் கணக்கா குடிச்சதால வாறது அது. கொழும்புத் தண்ணில புளோரைட் குறைவு, நாங்க பேஸ்ட்டை குடிக்கிறதும் இல்ல. மூண்டு வயசுக்கு குறைஞ்ச பிள்ளைக்கு அரிசி மணி அளவு, அதுக்கு மேல பட்டாணி அளவு காணும்.

உமிக்கரி பற்றி அம்மம்மாவோட நான் இன்னும் சண்டை. பல்லு வெள்ளையாகிறது உண்மை, எனாமலையும் சேர்த்து தேய்ச்சு எடுக்கிறதால.

ரெண்டு நாள் கழிச்சு முரசு கொஞ்சம் ஆற பல் டொக்டரிட்ட போனன். அவர் வாயைத் திறக்கச் சொல்லி கண்ணாடியை வச்சவுடனயே "கராம்பு எண்ணெய் வச்சனீங்களாம்மா?" எண்டு கேட்டார், எரிஞ்ச முரசைப் பார்த்தே பிடிச்சிட்டார். ஓட்டையைத் தோண்டித் துப்பரவாக்கினார், நரம்பு ஆறட்டும், ரெண்டு கிழமைக்கு தற்காலிகமா அடைச்சு விடுறன் எண்டு சொல்லி கண்ணாடித் துண்டொண்டில வெள்ளைத் தூளையும் ரெண்டு சொட்டு எண்ணெய்யையும் போட்டு களிம்பு மாதிரி குழைக்கத் தொடங்க, அந்த வாசம் நேர எங்கட குசினி சரக்கு டின் வாசம். நான் கதிரைல சாய்ஞ்சு வாயைத் திறந்தபடியே "ஆ? ஆ?" எண்டு கையைக் காட்ட, "ஓம், யூஜெனோல்தான், சிங்க் ஒக்சைட் தூளோட குழைச்சா இறுகிரும், எங்களுக்கும் இது இல்லாம சரிவராது" எண்டு சொல்லிட்டு ஓட்டைக்குள்ள அமத்தி அடைச்சார்.

வீட்ட வந்து அம்மம்மாட்ட சொன்னன், டொக்டரும் கராம்புதான் வச்சவர் எண்டு. அவ இரவுக்கு கிளாஸ் தண்ணிக்குள்ள தன்ர பல்லு செட்டைப் போட்டபடியே "பின்ன என்ன" எண்டா.